வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிற்றார் உடல்: வெளிவடிவத்தைக் கடைசியில் வெட்டுங்கள்

கிற்றார் செய்ய ஆசைப்பட்டு வருகிற பெடியள் பெரும்பாலும் முதல் நாளே ஜிக்சோவைத் தூக்கிப் பலகையில் கிற்றார் வடிவத்தை வெட்டிவிடுகிறார்கள். பார்க்க வடிவாகத்தான் இருக்கும். பிறகு நெக் (கிற்றாரின் கழுத்து) உட்காரும் குழியை எடுக்கப் போனால் ரவுட்டர் (சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் மின்கருவி) உட்கார இடமில்லை, கிளாம்ப் பிடிக்க நேர் விளிம்பில்லை, நடுக்கோட்டை எங்கிருந்து அளப்பது என்றும் தெரியாது. அந்தப் பலகை கடைசியில் சுவரில் தொங்கும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒழுங்கில் போகிறது: சாமான், மரம், நடுக்கோடு, நெக் குழி, பிரிட்ஜ் (தந்திகளை உடலில் தாங்கும் பாகம்), மற்றக் குழிகள், அதற்குப் பிறகுதான் வெளிவடிவம். இது உடலுக்கு மட்டுமான வழிகாட்டி. நெக்கை வாங்கிவிடுங்கள். ஃபிரெட் (நெக்கின் மேல்முகமான விரற்பலகையில் குறுக்கே பதிக்கும் கம்பி) வெட்டுகளில் அரை மில்லிமீற்றர் பிசகினாலும் சுருதி சேராது, உள்ளே ட்ரஸ் ரொட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) வேறு வைக்க வேண்டும். முதல் கிற்றாரில் அந்தச் சுமை வேண்டாம்.

## 1. மரத்துக்கு முன்னம் சாமான்

நெக், பிரிட்ஜ், பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பாகங்கள்), பிக்கார்ட் (உடலின் முன்பக்கத்தில் பூட்டும் பிளாஸ்ரிக் தகடு), நெக் தகடும் நான்கு திருகாணிகளும், வொலியூம் பொட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகி), ஜாக் ஆகிய எல்லாம் கையில் வந்த பிறகே பென்சிலை எடுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் அளவை நம்பி முதலே குழி எடுக்கக் கூடாது. ஒரே பெயரில் விற்கிற இரண்டு நெக்கின் அடி அகலத்தில் அரை மி.மீ. வித்தியாசம் இருப்பது சாதாரணம். பொதுவான அளவு 56 மி.மீ., ஆனால் உங்கள் கையில் இருக்கும் நெக்கின் அளவுதான் கணக்கு.

நெக்கும் பிரிட்ஜும் கொழும்பு இசைக்கருவிக் கடைகளில் அல்லது இணையத்தில் எடுக்கலாம். பொட், கப்பாசிற்றர், வயர், செப்பு ஒட்டுத்தாள் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரே நடையில் வாங்கலாம். ஈயமும் பற்றுக்கோலும் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ரேடியோ திருத்துகிற கடையில் கிடைக்கும்.

பிரிட்ஜ் வாங்கும்போது மூன்று விசயம்.

டிரெமலோ (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்) வேண்டாம். அதற்கு உடலை முழுக்கத் துளைத்து, பின்பக்கத்தில் ஸ்பிரிங் குழியும் எடுக்க வேண்டும். மேலே வைத்துத் திருகாணி பூட்டுகிற நிலையான பிரிட்ஜ் போதும்.

தூண் இரண்டில் நிற்கிற டியூன்-ஓ-மற்றிக் வகைப் பிரிட்ஜை சாதாரண போல்ட்-ஒன் (திருகாணியால் பூட்டும்) நெக்குடன் சேர்க்காதீர்கள். அது பலகையில் இருந்து உயரமாக நிற்கும். நெக்கைப் பின்னோக்கி இரண்டு மூன்று பாகை சாய்த்தாலோ குழியின் ஆழத்தைக் குறைத்தாலோதான் தந்தி விரற்பலகைக்குக் கிட்ட வரும். தட்டையான பிரிட்ஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. நெக்கின் அடித் தடிப்பு 25 மி.மீ., குழி 16 மி.மீ., அப்போது விரற்பலகை உடலுக்கு மேல் 9 மி.மீ. அளவில் நிற்கும். அந்த உயரத்துக்கு ஏற்றபடி செய்த பிரிட்ஜ்தான் அது.

பிக்கார்ட் உள்ள வடிவத்தையே தெரிவு செய்யுங்கள். பிக்கப்பும் பொட்டும் பிளாஸ்ரிக்கில் தொங்கும், வயர் எல்லாம் அதற்கடியில் ஓடும். குழியில் இரண்டு மி.மீ. பிழைத்தாலும் மேலே மூடிவிடும். நெக் குழிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

## 2. கருவிகள்

கட்டாயம் வேண்டியவை: சின்ன ரவுட்டர் ஒன்று (ட்ரிம்மர் போதும்), மேலே பெயரிங் உள்ள நேர் பிட், ட்ரில், ஜிக்சோ, கூரான உளி ஒன்று, மூலைமட்டம், ஒரு மீற்றர் இரும்பு அடிமட்டம், நாலைந்து கிளாம்ப், மல்ரிமீற்றர்.

பலகையை ஒரே தடிப்புக்குச் சீவ வீட்டில் இயந்திரம் தேவையில்லை. தளபாடப் பட்டறை எதிலும் சின்னக் கூலிக்குச் சீவித் தருவார்கள். ஆனால் 4ஆம் படியை முடிக்காமல் அங்கே போகாதீர்கள்.

கண்ணாடியும் தூசு முகமூடியும் கருவிக் கணக்கில்தான் சேரும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் கொண்டுவரும், தேக்குத் தூளும் மூச்சுக்கு நல்லதல்ல.

## 3. எந்த மரம்

நல்ல மரம் என்றால் முதிரையும் பாலையும்தான் என்ற எண்ணம் வன்னியில் ஊறிப்போனது. வீட்டுக் கதவுக்கும் வளைக்கும் அது சரி. தோளில் மூன்று மணித்தியாலம் தொங்கப்போகிற கிற்றாருக்குச் சரிவராது. கணக்கைப் பாருங்கள்.

50 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. தடிப்புள்ள பலகையில் வடிவத்தை வெட்டிக் குழிகளும் எடுத்தபின் ஏறக்குறைய 4,000 முதல் 4,500 கன செ.மீ. மரம் மிஞ்சும். தேக்கின் அடர்த்தி ஏறத்தாழ 0.65. அப்படியென்றால் உடல் மட்டும் 2.6 முதல் 2.9 கிலோ. முதிரை 0.9க்கு மேல், நாலு கிலோவைத் தொடும். பாலை அதையும் தாண்டும். மலைவேம்பு நன்றாகக் காய்ந்தால் இரண்டு கிலோவுக்குள் அடங்கும். இதற்கு மேல் நெக்கும் இரும்புச் சாமான்களும் ஒன்றரைக் கிலோ அளவில் சேரும்.

என் தெரிவு: முதலில் மலைவேம்பு அல்லது மகோகனி, அடுத்தது தேக்கு. மலைவேம்பு மெது, நகம் பட்டாலே பள்ளம் விழும், ஆனால் முதல்முறை செய்பவரின் உளிக்கு இடம் கொடுக்கும். மகோகனி இரண்டுக்கும் நடுவில், சீவவும் சுகம். தேக்கு நிலைத்து நிற்கும், வளையாது, பாரம்தான் குறை. வளவு வேம்பிலும் செய்யலாம். ஆனால் அதன் நார் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னி ஓடும், சீவும்போது ஒரு பக்கம் வழுக்கிப் போய் மறுபக்கம் பிய்யும்.

பனையில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெளிப்பக்கம் இரும்பு போன்ற கறுப்பு நார், உள்ளே சோத்தி. தேய்க்கத் தேய்க்க மெது மட்டும் பள்ளமாகி நார் வரிவரியாய் எழும்பும். மேலே மெல்லிய தகடாக ஒட்டலாம், முழு உடலுக்கு வேண்டாம்.

மரத்தின் வெள்ளையை (வெளிப்பக்க மென்மரம்) ஒதுக்கி வைரத்தை (உள்மரம்) எடுங்கள். வெள்ளையில் உளு விழும். பெயின்ற் அடித்து ஆறு மாதம் கழித்து மாவாகக் கொட்டுவது அதுதான்.

மரக்காலையில் வாங்கினால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வளவு மரம் என்றாலும் வெட்டி ஏற்றமுதல் கிராம அலுவலரிடம் அனுமதி பற்றி விசாரியுங்கள், வாகனத்தில் மரத்தோடு வழியில் மறிபட்ட பிறகு விளக்கம் சொல்லி முடியாது. பழைய வீடு கழற்றிய கதவு, யன்னல் பலகை கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை, பல வருடம் காய்ந்து முடிந்த மரம் அது.

## 4. சீவமுதல் இரும்பு தேடுங்கள்

வேறு ஊர் வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வரைக்கும் 2009க்கு முன்னம் நின்ற எந்த மரத்துக்குள்ளும் செல் சிதறலோ சன்னமோ இருக்கலாம். அரிகிற இடத்தில் முதலாவது கேள்வியே "தம்பி, இது எங்க நிண்ட மரம்?" என்பதாகத்தான் இருக்கும். வாள் அலகு போனால் நட்டம் அவர்களுக்கு. ரவுட்டர் பிட் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழலும்போது இரும்பில் பட்டால் நட்டம் உங்கள் கண்ணுக்கு.

முதலில் கண்ணால் பாருங்கள். மரம் காயத்தைச் சுற்றி வளர்ந்து மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் ரேகை நேராக ஓடாமல் சுழித்து, தண்ணீரில் கல் கிடந்தால் ஓட்டம் விலகுவதுபோல் விலகிப் போயிருக்கும். இரும்பு மரத்தின் துவர்ப்போடு சேர்ந்தால் கருநீலக் கறை விடும். பலகையின் நீளப்பக்கமாக ஒரு விரல் அகலத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால், அந்தக் கோட்டின் ஏதோ ஒரு முனையில் துண்டு கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காந்தம். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, பலகைக்கு மேலே மெதுவாக நகர்த்துங்கள். இழுத்தால் அந்த இடத்தைச் சோக்கட்டியால் வட்டமிடுங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள், உள்ளே ஆழத்தில் இருப்பது ஒரு பக்கத்தில் மட்டும் பிடிபடும்.

ஈயமும் பித்தளையும் காந்தத்துக்குப் பிடிபடாது. அதனால் காந்தம் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் சுழித்த ரேகையும் கறையும் உள்ள இடத்தை உடலுக்குள் வரவிடாமல் பலகையைத் தெரிவு செய்யுங்கள். தோண்டி எடுத்துவிட்டு ஓட்டையை அடைக்கலாம் என்று முயலவேண்டாம். ஒன்று இருந்த மரத்தில் இன்னொன்றும் இருக்கும். மரத்துக்குள் முழுதாக, என்னவென்று தெரியாத உலோகப் பொருள் தெரிந்தால் தட்டவோ நோண்டவோ கூடாது. அப்படியே வைத்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

## 5. காயவிடல், ஒட்டல், மட்டம்

புதிதாக அரிந்த பலகை ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. சொல்வதை நம்பாமல் தராசை நம்புங்கள். கிழமைக்கு ஒருமுறை நிறுத்துப் பலகையிலேயே எழுதுங்கள். நிறை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. இதைக் கோடையில் பாருங்கள். மாரியில் எந்த மரமும் காற்றில் இருந்து ஈரத்தைத் திரும்பக் குடிக்கும், எண் ஏமாற்றும். வெய்யிலில் போட்டு அவசரப்படுத்தினால் முனை வெடிக்கும்.

35 செ.மீ. அகலப் பலகை ஒற்றையாகக் கிடைப்பது அரிது. இரண்டு துண்டை நடுவில் ஒட்டுங்கள், ஒட்டின கோடே நடுக்கோடாகிவிடும். இரண்டு விளிம்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் திரும்பச் சீவ வேண்டும். இடைவெளியைப் பசை நிரப்பும் என்று நினைப்பது வீண். பசைக்குப் பலமே மரமும் மரமும் தொடுகிற இடத்தில்தான்.

தேக்கு என்றால் ஒட்டுகிற முகத்தைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, அது காய்ந்த கையோடு பசை பூசுங்கள். தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது.

நீளக் கிளாம்ப் இல்லையா? தரையில் இரண்டு சட்டத்தைப் பலகையின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில் ஆணியடித்து நிறுத்தி, பலகைகளை நடுவில் வைத்து, எதிரெதிராக ஆப்பு இறுக்குங்கள். எந்த ஓடாவியும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். பலகை மேலே கிளம்பாமல் பாரம் வையுங்கள். அடுத்த நாள் வரைக்கும் தொடவேண்டாம்.

பிறகு பட்டறையில் 45 மி.மீ.க்குச் சீவுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு நேரான கம்பை இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்பு வழியே மற்றதைப் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் தெரியாவிட்டால் பலகையில் முறுக்கு இருக்கிறது. முறுக்கோடு நெக் குழி எடுத்தால் நெக் ஒரு பக்கம் சரியும்.

## 6. முழு அளவில் வரைபடம்

பெரிய தாளில் உண்மை அளவில் வரையுங்கள். முதலில் நடுக்கோடு. அதில் நெக்கை வைத்து ஓரம் கீறுங்கள், பிறகு பிரிட்ஜ், பிறகு பிக்கார்ட். கடைசியில்தான் உடலின் வெளிக்கோடு. தாளில் பிழைத்தால் அழிப்பான் போதும்.

வெளிவடிவத்துக்கு 9 அல்லது 12 மி.மீ. பிளைவூட்டில் அச்சு ஒன்று வெட்டி, விளிம்பை விரலால் தடவிப் பார்த்துத் தேயுங்கள். பெயரிங் அச்சின் விளிம்பைத்தான் பின்பற்றும், அதில் உள்ள சின்ன மேடும் அப்படியே மரத்துக்கு வரும். நடுக்கோட்டை அச்சிலும் ஆழமாகக் கீறிவிடுங்கள்.

## 7. நெக் குழி

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். மற்ற எந்தப் படியில் பிசகினாலும் மறைக்க வழி உண்டு.

பலகையின் நடுக்கோட்டைக் கத்தி முனையால் கீறுங்கள். பென்சில் கோட்டுக்குத் தடிப்பு உண்டு, கத்திக் கோட்டுக்கு இல்லை. கோட்டை முனைகளிலும் பின்பக்கத்திலும் சுற்றிக் கொண்டுவாருங்கள், முன்பக்கத்தைச் சீவினாலும் தேய்த்தாலும் திரும்பக் கண்டுபிடிக்கலாம்.

குழிக்கு அச்சு வாங்கத் தேவையில்லை. நெக்கைப் பலகையில் அது இருக்க வேண்டிய இடத்தில் நடுக்கோட்டுக்குச் சரியாக வையுங்கள். அடியின் இரண்டு பக்கமும் இரண்டு நேர்ச் சட்டங்களை நெக்கோடு ஒட்டி வைத்து இறுக்குங்கள். மூன்றாவது துண்டை முனைக்கு எதிரே வையுங்கள். நெக்கை எடுத்தால் நடுவில் மிஞ்சுகிற இடம்தான் அச்சு, அதே நெக்குக்கு அளவெடுத்துத் தைத்தது. அடிமுனை வளைவாக இருந்தால் மூன்றாவது துண்டை அந்த வளைவுக்கு அராவிக்கொள்ளுங்கள்.

நெக்கின் நடு எது? நட்டின் (நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் சிறு பட்டை) அகலத்தைப் பாதியாக்கி ஒரு புள்ளி, கடைசி ஃபிரெட்டின் அகலத்தைப் பாதியாக்கி ஒரு புள்ளி. இரண்டுக்கும் மேலாக நூல் பிடித்தால் அது பலகையின் நடுக்கோட்டோடு ஒரே நேரில் விழ வேண்டும்.

குழியை 16 மி.மீ. ஆழத்துக்கு, ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் இறங்காமல் எடுங்கள். குழிக்குள் ரவுட்டரை மேலிருந்து பார்க்கும்போது மணிக்கூட்டு முள் ஓடுகிற திசையில் நகர்த்த வேண்டும். எதிர்த்திசையில் போனால் பிட் தானே ஏறி ஓடும், கையில் நிற்காது.

வடிவம் இன்னும் வெட்டாததால், கொம்புகளுக்கு (உடல் வடிவத்தில் நெக்கின் இரு பக்கமும் நீளும் பகுதிகள்) நடுவில் உள்ள மரம் நெக்கின் தண்டைத் தாங்கி, அடியைக் குழியில் உட்காரவிடாது. குழியைப் பலகையின் விளிம்பு வரைக்கும் நீட்டி எடுத்துவிடுங்கள். அந்த மரம் எப்படியும் வெட்டுப்படப் போகிறது.

ரவுட்டர் விடுகிற வட்ட மூலைகளை உளியால் சுத்தம் செய்யுங்கள். இப்போது நெக்கை வைத்துப் பாருங்கள். கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், பக்கத்துக்கு ஆடக் கூடாது. சுவரோரம் ஒரு தாள் நுழையலாம். திருகாணி இல்லாமலே நெக்கைப் பிடித்துத் தூக்கினால் உடல் தொங்க வேண்டும் என்று சிலர் பெருமைக்கு இறுக்கமாக எடுப்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பூச்சு அடித்தபின் அந்த இறுக்கம் பூச்சையே வெடிக்க வைக்கும்.

குழி அகலமாகிவிட்டால் அதே மரத்தில் மெல்லிய சீவலைச் சுவரில் ஒட்டுங்கள். தாள் மடித்துச் செருகாதீர்கள்.

## 8. பிரிட்ஜ் எங்கே

நட்டின் விரற்பலகைப் பக்க விளிம்பில் இருந்து 12ஆவது ஃபிரெட்டின் நடுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 324 மி.மீ. வந்தால் மொத்தம் 648, அதாவது 25.5 அங்குலம். 314 வந்தால் 628, அது 24.75 அங்குல வகை. நெக்கைக் குழியில் இறுக்கி வைத்துக்கொண்டு, நட்டில் இருந்து அந்த முழு நீளத்தை நேராக உடலில் அளந்து, நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு கீறுங்கள்.

குழியின் முனையில் இருந்து அளக்கும் முறையும் உண்டு. நட்டில் இருந்து நெக்கின் அடிமுனை வரை 464 மி.மீ. என்றால் 648இல் கழித்து மிச்சம் 184. சில நெக்குகளில் விரற்பலகை அடிமுனையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டின பலகையின் முனையை அடிமுனையாக எடுத்து ஒரு செ.மீ. பிழைக்க விடுவது அடிக்கடி காண்கிற சங்கதி. இரண்டு முறையிலும் அளந்து, ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள்.

அந்தக் கோட்டில் பிரிட்ஜின் எந்தப் பகுதி வரவேண்டும்? திருகாணிகள் அல்ல, சாடில் (பிரிட்ஜில் தந்தி தங்குகிற, முன்பின் நகரும் சிறு துண்டு). மெல்லிய ஈ தந்தியின் சாடிலை முன்னுக்கு நகர்த்தி, இன்னும் 2 மி.மீ. முன்போக இடம் விட்டு நிறுத்துங்கள். தந்தி அதில் தொடுகிற இடம் கோட்டில் விழட்டும். தடித்த தந்திகள் சுருதிக்காகப் பின்னுக்குத்தான் போகும், தடித்த ஈ நாலு மி.மீ. அளவு போகலாம். சாடில்களை நடுவில் வைத்துப் பிரிட்ஜைப் பூட்டினால் பின்போக இடம் காணாமல் போகும்.

துளைக்க முன்னம் தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) சோதனை. முல்லைத்தீவுக் கடற்கரையில் யாரிடமும் ஒரு பாகம் தங்கூசி கிடைக்கும். நட்டின் முதலாம், ஆறாம் வெட்டுகளில் இருந்து பிரிட்ஜின் இரு கரைச் சாடில்களுக்கு இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃபிரெட்டில் இரண்டு பக்கமும் தங்கூசிக்கும் விரற்பலகை ஓரத்துக்கும் உள்ள இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கிட்ட வந்தால் பிரிட்ஜை நகர்த்துங்கள், அரை மி.மீ. நகர்த்தினாலே தெரியும். வாசிக்கும்போது மெல்லிய தந்தி விரற்பலகையை விட்டு வழுக்கி விழுகிறது என்ற முறைப்பாடு பெரும்பாலும் இந்த இடத்தில் கோட்டை விட்டதால் வருவது.

சமமானதும் திருகாணி இடங்களைக் குத்தூசியால் அடையாளமிட்டுத் துளையுங்கள். திருகாணியின் புரியைக் கழித்து நடுத்தண்டின் அளவுக்கு ட்ரில் பிட் எடுங்கள். தேக்கில் துளை சிறுத்தால் திருகாணித் தலை முறியும். மெழுகுதிரியில் தேய்த்துவிட்டு இறுக்குங்கள்.

நெக் திருகாணிக்கு இரண்டு அளவு துளை. உடலில் 5 மி.மீ., திருகாணி தாராளமாகப் போய்வர வேண்டும். நெக்கில் 3 மி.மீ., அங்கேதான் புரி பிடிக்க வேண்டும். இரண்டிலும் புரி பிடித்தால் நெக்குக்கும் குழிக்கும் நடுவில் உள்ள நூலிடைவெளி மூடவே மூடாது, எவ்வளவு முறுக்கினாலும். ட்ரில் பிட்டில் ஒட்டுத்தாள் சுற்றி ஆழத்தைக் குறியுங்கள். விரற்பலகையின் மேலே வெளிப்பட்டுவிட்ட துளையை மறைக்க முடியாது.

## 9. பிக்கப் குழியும் வயர் வழியும்

பிக்கார்ட்டை வைத்துக் கீறி, அதன் விளிம்பில் இருந்து 5 மி.மீ. உள்ளே நில்லுங்கள். பிக்கப்புக்கு 20 மி.மீ. ஆழம் போதும். பொட்டும் சுவிட்சும் வருகிற இடத்தில் சுவிட்சின் உயரத்தை அளந்து அதற்கேற்ப இறக்குங்கள். 38 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள், பின்பக்கத்தில் 6 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும்.

பெரிய வட்ட ட்ரில் பிட்டால் முதலில் மரத்தைக் குடைந்து எடுத்துவிட்டு, ரவுட்டரால் சுவரை மட்டும் சுத்தம் செய்யுங்கள். ட்ரிம்மர் சூடாகாது, பிட் கருகாது.

பிரிட்ஜுக்கு அடியில் இருந்து கட்டுப்பாட்டுக் குழிக்குச் சரிவாக 3 மி.மீ. துளை ஒன்று வேண்டும், ஏர்த் வயருக்கு. இதை மறந்துவிட்டுப் பூச்சு முடிந்த உடலில் ட்ரில் பிடித்து நிற்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

## 10. இப்போது வெளிவடிவம்

அச்சின் நடுக்கோட்டைப் பலகையின் நடுக்கோட்டோடு பொருத்தி, நெக் குழிக்கும் சரியா என்று பார்த்துக் கீறுங்கள். ஜிக்சோவால் கோட்டுக்கு 3 மி.மீ. வெளியே வெட்டுங்கள். 45 மி.மீ. தடிப்பில் ஜிக்சோ அலகு கீழே வளையும். மேலே கோட்டில் போகும், அடியில் உள்ளே தின்றிருக்கும். பட்டறையில் பான்ட் சோ இருந்தால் அதிலேயே வெட்டிக்கொள்வது நல்லது.

பிறகு அச்சை இருபக்க ஒட்டுநாடாவாலும், பிக்கார்ட் மூடப்போகிற இடத்தில் இரண்டு திருகாணியாலும் பூட்டி ரவுட்டரால் சுற்றுங்கள். வெளி விளிம்பில் திசை மாறும்: மேலிருந்து பார்த்தால் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராக. பிட் முழு ஆழத்துக்கு எட்டாவிட்டால் பாதி எடுத்தபின் அச்சைக் கழற்றி, பெயரிங்கை ஏற்கெனவே வெட்டிய சுவரில் ஓடவிடுங்கள்.

கொம்பின் நுனியில் பிட் நாரின் முனையில் மோதும். ஒரே மூச்சில் எடுத்தால் துண்டாகப் பிய்த்தெறியும், கொம்போடு போனதும் உண்டு. அங்கே மட்டும் ஒரு மி.மீ. ஒரு மி.மீ. ஆக மெதுவாக.

விளிம்பை உருட்ட ரவுண்ட்-ஓவர் பிட் போதும். நெக் குழியின் ஓரத்தை மட்டும் உருட்டாதீர்கள். வயிறு படுகிற பின்பக்கச் சரிவு வேண்டுமானால் மர அரத்தால் அராவலாம், கூடக்குறைய ஆனாலும் கேட்பாரில்லை.

## 11. பூச்சுக்கு முன் ஒருமுறை முழுக்கப் பூட்டுங்கள்

வெறும் மரத்திலேயே நெக், பிரிட்ஜ், பிக்கார்ட் பூட்டி ஆறு தந்தியும் போட்டு வாசித்துப் பாருங்கள். ஒரு கிழமை அப்படியே வைத்திருந்தாலும் நல்லது. துளை விட்டுப்போனது, குழி ஆழம் காணாதது, நெக் சரிந்தது எல்லாம் இப்போது தெரியும், இப்போது திருத்தலாம். பெடியள் அதிகம் அடம்பிடிப்பது இந்தப் படியில்தான், பளபளப்பைப் பார்க்கிற அவசரம்.

## 12. தேய்த்தலும் பூச்சும்

சாண்ட் பேப்பர் 80, 120, 180, 240, 320 என்று ஏறுங்கள். ஒன்றைத் தாண்டினால் முந்தியதன் கீறல் பூச்சுக்கடியில் எட்டிப் பார்க்கும். 240 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். எழும்பி நிற்கிற நாரை 320ஆல் தட்டுங்கள்.

நெக் குழிக்குள் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பூச்சின் தடிப்பே நெக்கை உட்காரவிடாமல் செய்யும்.

சீலர் இரண்டு மூன்று கை, பிறகு லக்கர். வன்னியில் காலம் பார்த்து அடிக்க வேண்டும். ஒக்ரோபர் தொடங்கித் தை வரைக்கும் காற்றில் ஈரம் அதிகம், லக்கர் பால்போல வெளிறும். சோளகம் அடிக்கிற மாதங்களில் ஈரம் இல்லை, ஆனால் பத்து மணிக்கு மேல் செம்மண் தூசு பறந்து ஈரப் பூச்சில் ஒட்டும். பனி காய்ந்து காற்று எழும்ப முன்னம் உள்ள காலை நேரமே நேரம். தரைக்கு முதலில் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

வாகனத்துக்கு அடிக்கிற இரட்டைக் கலவைப் பூச்சு கடினமானது, அழகானது, ஆனால் அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும், துணி முகமூடி தடுக்காது. அது வேண்டுமானால் வாகன பெயின்ற் பட்டறையில் கொடுத்து அடிப்பியுங்கள். லக்கர் அடித்த உடலை மூன்று நாலு கிழமை தொங்கவிடுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், பிரிட்ஜை இறுக்கினால் பதிந்துவிடும்.

## 13. வயரிங், சுருதி

குழிகளின் உட்சுவர் முழுக்கச் செப்பு ஒட்டுத்தாள் ஒட்டி, துண்டுக்குத் துண்டு மல்ரிமீற்றரால் தொடர்பு பாருங்கள். சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பின் 50 ஹேர்ட்ஸ் முனகல் இதனால் முழுக்க நிற்காது, ஆனால் மின்குமிழ், சார்ஜர் தருகிற கரகரப்பு அடங்கும். சிங்கிள் கொயிலுக்கு 250கே பொட்டும் 0.047 மைக்ரோஃபராட் கப்பாசிற்றரும், ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 500கேயும் 0.022உம். பிரிட்ஜுக்கு ஏர்த் வயர் போகிறதா என்று மீற்றரால் கடைசியில் ஒருமுறை பாருங்கள்.

அந்த ஏர்த் வயரால் உங்கள் விரல் அம்பிளிஃபையரின் ஏர்த்தோடு சேர்ந்திருக்கும். கோயில் திருவிழா, தேவாலய மேடைகளில் ஜெனரேட்டரில் ஓடும்போது ஏர்த் இல்லாத பிளக்கில் செருகாதீர்கள். இரண்டு முள் மாற்றி வேண்டவே வேண்டாம்.

தந்தி போட்டு, 12ஆவது ஃபிரெட்டில் உயரம் 2 மி.மீ. அளவுக்கு வையுங்கள். அதே ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சாடிலைப் பின்னுக்கு, இறங்கி நின்றால் முன்னுக்கு. சாடிலை நகர்த்தும்போது தந்தியைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

முதல் மாரி தொடங்கியதும் நெக் கொஞ்சம் வளைவை மாற்றும், உயரத்தைத் திரும்ப அளந்து, தேவையென்றால் ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்று மட்டும் திருப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கோடையில் நெக் திருகாணி நான்கையும் ஒருமுறை இறுக்குங்கள்.